பேரீச்சம்பழத்துக்குப் போகாத லேப்டாப்

திருவாரூர்
7 டிசம்பர் 2025

அன்புள்ள புவனா,

தீபாவளிக்கு நீ எழுதியதற்கு இன்னும் பதில் போடவில்லை என்று தினமும் உறுத்துகிறது. இங்கே எல்லோரும் நலம். அத்தையின் முட்டிவலி குறைந்திருக்கிறது. சின்னவன் பத்தாம் வகுப்பு, அதனால் டிவி பெட்டிக்குத் துணி போட்டு மூடியாயிற்று. உன் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததா? அதற்கு மட்டும் உடனே ஒரு வரி எழுது.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கென்று மறுபடி ஒரு கம்ப்யூட்டர் வந்திருக்கிறது. புதிது இல்லை, 2015-ல் வாங்கிய அதே சாம்பல் நிற லேப்டாப்தான். அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கு ஆதரவு முடிந்தது. இந்தப் பழைய பிராசஸருக்கு விண்டோஸ் 11 கிடையாது. இங்கே ஒரு கடையில் காட்டினேன். திறந்துகூடப் பார்க்காமல், "பேரீச்சம்பழத்துக்குப் போட்டுட்டு புதுசு வாங்கிக்குங்க மேடம்" என்றார். கோபமாக வந்தது எனக்கு. அப்பா தன் வெண்பாக்களைப் படிக்கப் படிக்க நான் பதிவு செய்து வைத்த குரல் அதில்தானே இருக்கிறது!

அதனால் முதல் வேலையாக அந்தக் குரல் கோப்புகளை இரண்டு இடத்தில் நகல் எடுத்தேன். பிறகு ஹார்ட் டிஸ்கையே கழற்றி, அப்பாவின் மூன்று நோட்டுப் புத்தகங்களோடு பீரோவில் வைத்துவிட்டேன். அதன் இடத்தில் வேகமான புது எஸ்எஸ்டி ஒன்று, ரேம் நாலிலிருந்து எட்டு ஜிபி. மொத்தம் ஐயாயிரத்துக்குள் முடிந்தது. இனி லேப்டாப்பில் எதை அழித்தாலும் அப்பா பத்திரம் என்ற நிம்மதி இருந்ததால்தான் கை நடுங்காமல் உட்கார்ந்தேன்.

விண்டோஸுக்குப் பதிலாக டெபியன் 13 என்ற இலவச லினக்ஸ் போட்டேன். இன்னொரு லினக்ஸான உபுண்டுவின் சிடியைக் காசில்லாமல் தபாலில் வரவழைத்து லேப் முழுக்க விநியோகம் செய்தவள் நீ, உனக்கு வருத்தமாக இருக்கும்! ஆனால் டெப்ரா, இயன் என்ற இருவர் பெயரைச் சேர்த்து வைத்ததுதான் டெபியன் என்று 2006-ல் எனக்குச் சொன்னவளும் நீதான். அப்போது வைஃபைக்காக நாம் பட்ட பாடு நினைவிருக்கிறதா? லேப் அக்கா விளக்கை அணைத்துவிட்டுப் போன பிறகும் டிரைவர் தேடினோமே. இப்போது நிறுவும்போதே வைஃபை வேலை செய்தது. வைஃபை போன்ற பாகங்களை இயக்கும் ஃபர்ம்வேரையும் நிறுவியோடு சேர்த்தே கொடுக்கலாம் என்று 2022-ல் ஓட்டெடுத்து முடிவு செய்தார்களாம். 12-ஆம் பதிப்பிலிருந்து அப்படித்தான் வருகிறது.

சிக்கியது வேறு இடத்தில். நிறுவும்போது ரூட் என்ற தலைமை நிர்வாகிக் கணக்குக்குப் பாஸ்வேர்டு கேட்டது, கொடுத்தேன். முடிந்து, நிர்வாகி உரிமையோடு கட்டளை கொடுக்க சுடோ என்று அடித்தால், "நீ சுடோ பட்டியலிலேயே இல்லை" என்கிறது. ரூட் பாஸ்வேர்டைக் காலியாக விட்டிருந்தால் முதல் பயனருக்கு சுடோ உரிமை தானாகக் கிடைத்திருக்கும். சரி, எஸ்யூ அடித்து ரூட்டாக மாறி என் பெயரைச் சேர்க்கலாம் என்றால், பெயரைச் சேர்க்கும் கட்டளையே இல்லை என்றது. ஒரு மணி நேரம் போயிற்று. எஸ்யூவுக்குப் பின்னால் ஒரு சிறு கோடு போட வேண்டுமாம். அது இல்லாவிட்டால் ரூட்டின் கட்டளைகள் இருக்கும் இடம் அதற்குத் தெரிவதில்லை. கோடு போட்டேன், பெயரைச் சேர்த்தேன், வெளியேறி மறுபடி நுழைந்தேன், திறந்துகொண்டது. அந்த ஒரு கோட்டுக்காக நான் போட்ட சத்தத்தில் சின்னவன் எழுந்து வந்துவிட்டான்.

அப்புறம் நிரல் எழுதத் தேவையான கருவிகள்: பில்ட்-எசென்ஷியல், கிட், விம் எடிட்டர். ஆமாம், உன் விம்தான், வெற்றிச் சிரிப்பு சிரித்துக்கொள். வெறுமனே திறந்தால் உகாண்டாவின் ஏழைக் குழந்தைகளுக்கு உதவச் சொல்லும் வரி இன்னும் வருகிறது. அதை எழுதிய பிராம் மூலனார் 2023 ஆகஸ்டில் இறந்துவிட்டார் என்று எனக்கு இப்போதுதான் தெரியும். மனிதர் போய்விட்டார், வேண்டுகோள் நிற்கிறது. கொஞ்ச நேரம் அந்தத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். உனக்குத் தெரிந்திருக்குமே, ஏன்டி சொல்லவில்லை?

பைத்தான் நிரல்மொழியில், தொகுப்புகளை இறக்கித் தரும் பிப் வைத்து ஒன்றை நிறுவப் போனால், இது சிஸ்டம் நிர்வகிக்கும் இடம், கை வைக்காதே என்று மறுத்தது. கணினியின் சொந்தக் கருவிகளில் சிலவும் அந்தப் பைத்தானை நம்பித்தான் ஓடுகின்றன, அதனால்தான் இந்தக் காவல். மீறுவதற்கும் ஒரு வழி கொடுத்திருக்கிறார்கள். ஆனால் "பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்" என்று அதற்குப் பெயர் வைத்திருக்கும்போது யார் மீறுவார்கள்? வென்வ் என்ற கருவியைப் போட்டு, அந்தப் பைத்தானைத் தொடாமல் எனக்கென்று தனி அறை தடுத்துக்கொண்டேன். அங்கே எதை உடைத்தாலும் அந்த அறையோடு போகும்.

இவ்வளவும் எதற்கு என்று கேட்பாய். அப்பாவின் நோட்டில் நிறைய இடங்களில் அடித்தல் திருத்தல். எது கடைசிப் பாடம் என்று தெரியவில்லை. சீரும் சீரும் சேரும் தளை தட்டுகிறதா என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும். அதற்கு முதலில் அசை பிரிக்க வேண்டும். அதற்குத்தான் ஒரு நிரல். தமிழில் தட்டச்சு செய்ய, தமிழ்99 விசைப்பலகையை ஐபஸ் என்ற உள்ளீட்டுக் கருவியில் சேர்த்தேன். "தமிழ்" என்று கொடுத்து நீளம் கேட்டால் ஐந்து என்கிறது பைத்தான்! புள்ளியையும் இகரக் கொக்கியையும் தனித்தனியாக எண்ணுகிறது. இலக்கணம் சொல்லும் மூன்று எழுத்து எங்கே? அதற்கு ஓப்பன்-தமிழ் என்ற தொகுப்பு இருக்கிறது. த, மி, ழ் என்று அழகாகப் பிரித்துக் கொடுத்தது. கட்டளை அடிக்கும் டெர்மினலின் கருப்புத் திரையில் கொம்பும் துணைக்காலும் இடம் மாறி நிற்பதால், விடையைக் கோப்பில் எழுதச் சொல்லி எடிட்டரில் திறந்து பார்க்கிறேன். உன் திரையில் எப்படித் தெரிகிறது? நல்ல டெர்மினல் இருந்தால் சொல்.

குறில், நெடில், ஒற்று வரைக்கும் எழுதிவிட்டேன். குற்றியலுகரம்தான் இன்னும் தகராறு செய்கிறது. அப்பா இருந்திருந்தால் திண்ணையில் உட்கார்ந்து ஒரு சாயங்காலத்தில் சொல்லிக் கொடுத்திருப்பார். பொங்கலுக்கு நீ ஊருக்கு வரும்போது இரண்டு நாள் எனக்கென்று ஒதுக்கு. உன் லேப்டாப்பையும் எடுத்து வா. நோட்டுப் புத்தகங்களை எடுத்து வைக்கிறேன்.

நேற்று ராத்திரி சோதனைக்கு நம் பெயர்களைக் கொடுத்துப் பார்த்தேன். நான் தேமா. நீ புளிமா.

அன்புடன்,
செல்வி