செயலாளரின் ஆண்டறிக்கை, 2024

தலைவர் அவர்களே, பொருளாளர் அவர்களே, வந்திருக்கும் அங்கத்தவர்களே, வணக்கம்.

வராத அங்கத்தவர்களுக்கு என்ன சொல்வதென்று தெரியவில்லை. அறிவித்தல் மூன்று வாரத்துக்கு முன்பே போய்விட்டது. இன்று மழையும் இல்லை, மட்ச்சும் இல்லை. அப்படியிருந்தும் கூட்டம் நடத்தத் தேவையான ஆள் எண்ணிக்கை, அதாவது நடப்பெண், சேரும்வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. கடைசி இருவரையும் எதிரே உள்ள தேத்தண்ணீர்க் கடையிலிருந்து தலைவரே போய்க் கூட்டிக்கொண்டு வந்தார். இது கூட்டக் குறிப்பில் பதியப்பட வேண்டும்.

முதலில் வழமையான விடயங்கள். ஏப்ரல் தவிர மாதந்தோறும் செயற்குழு கூடியது. தைப்பொங்கல் விளையாட்டுப் போட்டியும் மாணவர் வினாடி வினாவும் நடந்தன. மைதானம் கிடைக்காததால் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி நடக்கவில்லை. காலமான இரண்டு மூத்த அங்கத்தவர்களுக்கு இரங்கல் தீர்மானம் நிறைவேற்றி, குடும்பத்தாருக்கு அனுப்பி வைத்தோம்.

ஜூலை 28ஆம் திகதி தம்புள்ளையில் நடந்த மகளிர் ஆசியக் கிண்ண இறுதிப் போட்டியைப் பெருந்திரையில் காட்டினோம். சமரி அத்தபத்துவின் இலங்கை அணி இந்தியாவை எட்டு விக்கெட்டால் வென்று முதல் தடவையாகக் கிண்ணத்தை எடுத்தது. வாடகைக்கு எடுத்த கதிரைகளில் முக்கால்வாசி வெறுமையாகக் கிடந்தன. அடுத்த ஞாயிறு இந்தியாவுக்கு எதிராக நடக்கவிருந்த ஆண்கள் ஒருநாள் மட்ச்சுக்கு டிக்கெட் எடுத்துத் தரச்சொல்லி எனக்கு வந்த தொலைபேசி அழைப்புகளை நினைத்தால்... சரி, அதை விடுவோம்.

அந்த ஆண்கள் மட்ச்சைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஞாயிறு பேப்பரில் விளையாட்டுப் பத்தி எழுதிய நமது பத்தியாளரைப் பற்றிப் பின்னால் வரும் பிரச்சினை அங்கேதான் தொடங்கியது. ஆகஸ்ட் 4ஆம் திகதி வான் பிடித்துக் கெத்தாராம பிரேமதாச மைதானத்துக்குப் போனோம். இரண்டு அணிக்கும் நீல உடுப்பு என்பதால் நம்மவர்களில் யார் எந்தப் பக்கம் என்று சட்டையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. யார் எப்போது எழும்பிக் கை தட்டுகிறார் என்று பார்த்துத்தான் கண்டுபிடிக்க வேண்டும். இந்தியா விக்கெட் இழப்பின்றி 97 என்று நின்றபோது எங்கள் வரிசையில் பாதிப்பேர் எழும்பி நின்றார்கள். அப்புறம் இலங்கையின் ஜெப்ரி வன்டர்சே 33 ஓட்டங்களுக்கு ஆறு விக்கெட் எடுத்தார். நின்றவர்கள் இருந்தார்கள், இருந்தவர்கள் எழும்பினார்கள். திரும்பி வரும்போது மருதானை வரை வானில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அதன் பிறகு எல்லோரும் ஒரே நேரத்தில் கதைத்தார்கள். மூன்று நாளில் தொடரையும் இலங்கை வென்றது. இந்தியாவுக்கு எதிராக 1997க்குப் பிறகு கிடைத்த முதல் ஒருநாள் தொடர் வெற்றி அது.

அடுத்த ஞாயிறு நமது பத்தியாளர் இதைத்தான் எழுதினார். வெற்றியைப் பற்றி நாலு வரி. மிச்சம் முழுவதும், பிரேமதாசவில் இந்தியாவுக்குக் கை தட்டிவிட்டு வீட்டுக்கு வந்து முரளியின் 800 விக்கெட்டைப் பற்றிப் பெருமை பேசும் கொழும்புத் தமிழ் ரசிகரைப் பற்றி. எங்கள் வரிசைக்குப் பின்னால் இருந்து பார்த்து எழுதியது போலவே இருந்தது. அன்று பின்னேரத்துக்குள் மூன்று அங்கத்தவர்கள் எனக்குத் தொலைபேசியில் கத்தினார்கள். நான் என்ன, பத்திரிகை ஆசிரியரா?

புதிய அங்கத்தவர்களுக்காகச் சிறு விளக்கம். இந்தச் சங்கத்தில் அரைவாசி ஞாயிற்றுக்கிழமைகள் அவருடைய பத்தியோடுதான் விடிந்திருக்கின்றன. 1997இல் இதே பிரேமதாசவில் இந்தியாவுக்கு எதிராக இலங்கை ஆறு விக்கெட்டுக்கு 952 ஓட்டங்கள் குவித்து, ஜயசூரிய 340, மகாநாம 225 என்று நாடே கொண்டாடிக்கொண்டிருந்தபோது, ஐந்து நாள் ஆடியும் வெற்றி தோல்வி இல்லாத மட்ச்சில் என்ன பெருமை என்று கேட்டு எழுதியவர் அவர். அன்று தொடங்கிய பகை. இளம் வீரர் ஒருவர் இரண்டு மட்ச்சில் ஓட்டம் எடுக்காமல் போனால் அவருடைய தகப்பனின் உத்தியோகம் வரை இழுத்துப் பேசுவார். இதை நான் ஒருநாளும் நியாயப்படுத்தியதில்லை. பாடசாலைப் பிள்ளையையும் விட்டுவைக்காத வாரங்கள் உண்டு. எழுத விடயம் இல்லாவிட்டால் 1948இல் பிரட்மன் ஆடிய கொழும்பு ஓவல் ஆடுகளம் 22 கெஜத்துக்குப் பதிலாக 20 கெஜம்தான் இருந்தது என்ற கதையை மறுபடியும் எடுப்பார். அது வந்தால் அந்த வாரம் அவருக்குக் காய்ச்சல் என்று நாங்கள் எடுத்துக்கொள்வோம்.

மறுபக்கமும் இருக்கிறது. 2023 நவம்பரில் சர்வதேசக் கிரிக்கெட் சபையான ஐ.சி.சி. இலங்கைக் கிரிக்கெட்டின் அங்கத்துவத்தை இடைநிறுத்தியபோது, அரசாங்கத் தலையீடு என்றால் என்ன, பத்தொன்பது வயதுக்குட்பட்டோர் உலகக் கிண்ணம் ஏன் இங்கிருந்து தென்னாபிரிக்காவுக்குப் போனது என்று நம் வீட்டுப் பெரியவர்களுக்கும் விளங்கும் தமிழில் எழுதியவர் அவர்தான். வியாஸ்காந்த் எல்.பி.எல். என்ற லங்கா பிரீமியர் லீக்கில் இறங்கியபோது நாங்கள் எல்லோரும் யாழ்ப்பாணத்துப் பெடியன் என்று குதித்தோம். வடக்கில் புல் ஆடுகளம் எத்தனை, மலையகத்துப் பாடசாலைகளில் எத்தனை என்று அவர் கேட்டார். கிரிக்கெட்டைத் தவிர வேறொன்றும் அச்சாகாத பக்கத்தில் வலைப்பந்தாட்ட வீராங்கனை தர்ஜினி சிவலிங்கத்துக்காக அரைப்பக்கம் ஒதுக்கினார். 2022இல் கடதாசித் தட்டுப்பாட்டால் பத்திரிகைகள் பக்கங்களைக் குறைத்தபோது அவருடைய பத்தியும் கால் பக்கமாகச் சுருங்கியது. கோபம் மட்டும் சுருங்கவில்லை.

சில வருடங்களுக்கு முன் அந்தப் பத்திரிகையை வாங்குவதில்லை என்று இதே மண்டபத்தில் ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேற்றினோம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்குக் காலி வீதிப் பேப்பர் கடையில் ஒரு பிரதிகூட மிஞ்சவில்லை. தீர்மானத்தை முன்மொழிந்தவரின் கையில் இரண்டு இருந்தன. ஒன்று பக்கத்து வீட்டுக்காரருக்காம்.

ஒக்டோபரில் ஒரு ஞாயிறு பத்தியின் கீழே கட்டம் போட்டு இரண்டு வரி: இப்பத்தி இத்துடன் நிறைவு பெறுகிறது. வேறொன்றும் இல்லை. கனடாவில் மகளிடம் போகிறார் என்றார்கள். ஆசிரியரோடு வாக்குவாதம் என்றார்கள். மேலிடத்திலிருந்து யாரோ கதைத்தார்கள் என்றும் சொன்னார்கள். அவருக்குக் கண்ணில் சத்திரசிகிச்சை செய்ய இருக்கிறது, எழுத்து மங்கலாகத் தெரிகிறது என்று அவர் வாயாலேயே பிறகு கேட்டேன். அதைச் சொன்னால் நம்மவர்கள் நம்பத் தயாரில்லை. சுவாரசியம் போதாது போலும்.

அவருக்கு ஒரு பிரியாவிடை வைக்க வேண்டும் என்று செயற்குழுவில் முன்மொழிந்தவன் நான். இதற்காக நான் கேட்டுக்கொண்ட பேச்சுகளை இங்கே திருப்பிச் சொல்லப் போவதில்லை. எங்களை இரட்டை நாக்குக்காரர் என்று எழுதியவருக்குச் சங்கப் பணத்தில் பொன்னாடையா என்று தலைவர் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். என் பதில் இது: வருடக்கணக்காக நாங்கள் அவரை வாசித்தோம், சண்டை போட்டோம், அதற்கு ஒரு சதமும் கொடுக்கவில்லை. ஒரு மாலைத் தேத்தண்ணீரும் வடையும் கொடுப்பதால் சங்கம் கவிழ்ந்துவிடாது. வாக்கெடுப்பில் ஒரு வாக்கால் தீர்மானம் நிறைவேறியது. மண்டப வாடகை, பொன்னாடை, வடை, ஒலிபெருக்கி எல்லாம் ஏனைய செலவுகள் என்ற தலைப்பில் இருக்கின்றன. மறைத்து வைக்கவில்லை. யாரும் பார்க்கலாம்.

அந்த மாலை வந்த கூட்டத்தை இந்தச் சங்கம் வேறு எந்த நிகழ்ச்சிக்கும் கண்டதில்லை. மூன்று வருடச் சந்தா பாக்கி வைத்திருப்பவர்கள் முதல் வரிசையில் இருந்தார்கள். மூத்த மாஸ்டர் ஒருவர் பத்தியாளரின் பிழைத்துப்போன கணிப்புகளைக் கொப்பியில் எழுதிக்கொண்டு வந்து ஒவ்வொன்றாக வாசித்தார். 2014இல் டாக்காவில் இலங்கை இருபது20 உலகக் கிண்ணம் எடுக்காது என்று அவர் எழுதியதும் அதில் ஒன்று. கொட்டாஞ்சேனைக்காரர் ஒருவர், ஐயா, நீங்கள் போவது எனக்குச் சந்தோசம், ஆனால் நீங்கள் போனபிறகு யாரைப் பேசுவது என்று தெரியவில்லை என்றார். கைதட்டல் ஓயக் கொஞ்ச நேரம் பிடித்தது.

அடுத்து வாழ்த்துமடல். கண்ணாடிச் சட்டம் போட்டுக் கொடுத்தோம். பத்தியாளர் அதைக் கையில் வாங்கி, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, மேடையிலேயே மடலை முகத்துக்குக் கிட்டப் பிடித்து முழுவதையும் வாசித்தார். நடுவில் நிறுத்தி, சட்டைப் பையிலிருந்து பேனையை எடுத்தார். இலங்கையின் முதல் டெஸ்ட் சிங்கள விளையாட்டுக் கழகத்தின் எஸ்.எஸ்.சி. மைதானத்தில் நடந்தது என்று மடலில் இருந்தது. 1982 பெப்ரவரி 17ஆம் திகதி இங்கிலாந்துக்கு எதிராகத் தொடங்கிய அந்த மட்ச் பொறளைப் பக்கம் சரவணமுத்து ஓவலில் நடந்தது, தமிழ் யூனியனின் சொந்த மைதானத்தைத் தமிழர் சங்கமே மறந்தால் எப்படி என்று கேட்டுக் கண்ணாடியின் மேலேயே கோடு போட்டார். பிறகு, 1947இல் சேப்பாக்கத்தில் 215 அடித்த சதாசிவம் ஆடியதும் அந்த ஓவலில்தான், அதையாவது ஞாபகம் வைத்திருங்கள் என்றுவிட்டு இருந்தார். அவ்வளவுதான் அவருடைய ஏற்புரை. மடலை எழுதியவர் நான் அல்ல. யார் எழுதியது என்பது கூட்டக் குறிப்பில் இருக்கிறது, தலைவர் கோபிக்கக் கூடாது.

பிரியாவிடைக்குப் பிறகு சங்கம் அமைதியானது. ஞாயிறு காலையில் என் தொலைபேசி அடிக்கவில்லை. முதல் இரண்டு வாரமும் அது நிம்மதியாகவே இருந்தது, இதைச் சொல்ல நான் வெட்கப்படவில்லை. நவம்பர் 28ஆம் திகதி டர்பனில் தென்னாபிரிக்காவுக்கு எதிரான டெஸ்ட்டில் இலங்கை 42 ஓட்டங்களுக்குச் சுருண்டது. நமது டெஸ்ட் வரலாற்றில் அதைவிடக் குறைவு கிடையாது. மார்கோ ஜான்சன் 13 ஓட்டங்களுக்கு ஏழு விக்கெட் எடுத்தார், பதினான்கு ஓவர்கூட நிற்கவில்லை. ஞாயிறு பேப்பரைத் திறந்தால் அவருடைய இடத்தில் வெள்ளவத்தையில் மூன்று அறைத் தொடர்மாடி வீடு விற்பனைக்கு என்று விளம்பரம். அன்று தொலைபேசி மறுபடி அடித்தது. ஆகஸ்டில் கத்திய அதே மூவர். அவர் இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பார் என்று என்னைக் கேட்டார்கள். பத்தியாளருக்கே அழைத்துக் கேட்கும்படி சொன்னேன். அவர்கள் உண்மையிலேயே அழைத்திருக்கிறார்கள்! அந்த நேரத்தில் அவர் நித்திரையாம்.

இப்போது அந்தப் பக்கத்தில் ஒரு தம்பி எழுதுகிறார். தமிழ் நல்லது, எண்கள் எல்லாம் சரி, ஒருவர் மனதையும் நோகடிப்பதில்லை. நம்மில் யாரும் அவரைப் பற்றி இதுவரை ஒரு சொல் நல்லதோ கெட்டதோ சொன்னதில்லை என்பதையும் பதிந்து வைக்கிறேன்.

இனிச் சங்கத்தின் சொத்தைப் பற்றி. அவருடைய பத்திகளைச் சீ.ஆர். என்ற பெரிய கெட்டி மட்டைக் கொப்பிகளில் ஒட்டிச் சேர்த்து வருவது என் வேலை என்பது உங்களுக்குத் தெரியும். செயலாளர் பசை வாங்கியே சங்கத்தை அழிக்கிறார் என்று கடந்த வருடம் இங்கே ஒருவர் பகிடி விட்டார். அந்தக் கொப்பிகளைத் திறந்து பாருங்கள். ஓரங்களில் அங்கத்தவர்கள் பென்சிலால் எழுதிய சண்டை பத்தியைவிட நீளம். ஒருவர் சுத்தப் பொய் என்று எழுத, கீழே இன்னொருவர் நீ மட்ச் பார்த்தாயா என்று கேட்டிருக்கிறார். அதற்குக் கீழே மூன்றாமவர் இருவரும் சந்தா கட்டுங்கள் என்று எழுதியிருக்கிறார். அந்த மூன்றாவது கையெழுத்து நமது பொருளாளருடையது. நான் காட்டிக்கொடுக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். 952 பற்றிய பத்தி இருக்கும் முதலாவது கொப்பி மட்டும் இல்லை. பம்பலப்பிட்டி அங்கத்தவர் ஒருவர் பேரனுக்குக் காட்ட இரவல் வாங்கிப் போனார். அந்தப் பேரன் இப்போது பல்கலைக்கழகத்தில். பெயர் சொல்லவில்லை, அவர் இன்றும் வரவில்லை.

கணக்கறிக்கையைப் பொருளாளர் சமர்ப்பிப்பார். சுருக்கமாகச் சொன்னால் வரவு நினைத்ததைவிடக் குறைவு, செலவு நினைத்ததைவிடக் கொஞ்சம் கூட. வித்தியாசத்தை வங்கி மீதி தாங்கிக்கொண்டது. வருடச் சந்தா 1,000 ரூபா. அங்கத்தவர்களில் பாதிக்கு மேல் இந்த வருடம் கட்டவில்லை. பிரேமதாச மட்ச்சுக்கு டிக்கெட்டுப் பணத்தை ஒரே நாளில் கொண்டுவந்து தந்தவர்களின் பட்டியலும் சந்தா பாக்கிப் பட்டியலும் என்னிடம் உண்டு. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் வேலையைச் சபைக்கே விடுகிறேன்.

மண்டபம் தந்த கோயில் தர்மகர்த்தா சபைக்கும், பெருந்திரை தந்த அன்பருக்கும், வடை போட்ட சகோதரிகளுக்கும், என்னோடு முரண்பட்டும் கூட்டங்களுக்கு ஒழுங்காக வந்த தலைவருக்கும், பொருளாளருக்கும் நன்றி.

அடுத்த வருடம் கொப்பிகளை நல்ல மட்டை போட்டுக் கட்ட வேண்டும், மழைக்காலத்தில் தாள் பூஞ்சணம் பிடிக்கிறது. அங்கத்தவர்களே எழுதும் மாத இதழ் ஒன்று தொடங்கவும் யோசனை உண்டு. பிறரின் எழுத்தில் பிழை பிடிக்கத் தெரிந்தவர்கள் இங்கே நிறையப் பேர் என்பதால் ஆள் பற்றாக்குறை வராது என்று நம்புகிறேன். இரண்டுக்கும் பணம் வேண்டும். செயலாளர் பதவிக்கும் இன்று தெரிவு நடக்கிறது. கொப்பிகள், முத்திரை, அலுமாரித் திறப்பு எல்லாம் என் வீட்டில் பத்திரமாக இருக்கின்றன. பொறுப்பெடுக்க விரும்புகிறவர் இந்தக் கூட்டம் முடிந்ததும் வந்தால் இன்றிரவே கொடுத்துவிடுவேன். சந்தா பாக்கி உள்ளவர் போட்டியிட முடியாது என்ற யாப்பு விதியையும் ஞாபகப்படுத்துகிறேன். பொருளாளர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு வாசலடியில் இருப்பார், பின் கதவு பூட்டியிருக்கிறது.

இவ்வறிக்கையைச் சபையின் அங்கீகாரத்துக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்