அம்மாவின் வெள்ளை மாத்திரை

லீட்ஸ்,
நவம்பர் 9

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் இருவரும் நலம். நீ, அத்தான், பிள்ளைகள் எல்லாரும் சுகம்தானே? இந்தக் காலத்தில் கடிதமா என்று சிரிப்பாய். போன் செய்தால் நீ ஸ்பீக்கரில் போட்டுவிடுகிறாய், பக்கத்திலேயே அம்மா. வாட்ஸ்அப்பை உனக்கு முன்னால் உன் பையன் படித்துவிடுகிறான். இதை நீ மட்டும் படி.

எனக்கு இருபத்தெட்டு வாரம் ஆகிவிட்டது. நாலேகாலுக்கே இருட்டிவிடுகிறது. மழையும் நம் லால்குடி மழை மாதிரி கொட்டித் தீர்த்துவிட்டுப் போவதில்லை, நாள் முழுக்க நசநசவென்று தூறிக்கொண்டே இருக்கும். சுண்டைக்காய் வற்றல் ஓர் இலங்கைக்காரர் கடையில் கிடைத்துவிட்டது, அதனால் சாப்பாட்டுக்குக் குறையில்லை.

இங்கே பிரசவம் என்றால் டாக்டரம்மாவைப் பார்ப்பதே அபூர்வம். எல்லாம் மிட்வைஃப்தான், பிரசவம் பார்க்கும் நர்ஸ். முதல் தடவை போனபோது ஒரு மணி நேரம் கேள்வி. வீட்டில் யாருக்குச் சர்க்கரை, யாருக்கு பிபி என்று ஆரம்பித்தவள், நடுவில் இவரை வெளியே உட்காரச் சொன்னாள். இவர் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! கதவைச் சாத்திவிட்டு, வீட்டில் உன்னை யாராவது அடிக்கிறார்களா, பயமாக இருக்கிறதா என்று கேட்டாள். எல்லாப் பெண்களையும் இப்படித் தனியாக வைத்துக் கேட்பார்களாம். அப்புறம், "உன் அம்மாவுக்கோ கூடப் பிறந்தவளுக்கோ பிள்ளை பெற்றபின் பெரிய மனநோய் எதுவும் வந்ததுண்டா?" என்றாள். இல்லை என்று பட்டென்று சொல்லிவிட்டேன். பெண் பார்க்க வந்தவர்களிடம் நாம் சொன்னோமே, அதே இல்லை.

போன மாதம் எனக்குக் காரணமில்லாமல் அழுகையாக வந்தது. பஸ்ஸில் அழுவேன், வெங்காயம் நறுக்காமலே அடுப்படியில் அழுவேன். மிட்வைஃப் ஒரு தாளைக் கொடுத்தாள். கடந்த ஏழு நாளில் எப்படி இருந்தாய் என்று பத்துக் கேள்வி, முப்பதுக்கு மதிப்பெண். கூடக் கூட மனச்சோர்வு அதிகம் என்று அர்த்தம். 1987இல் எடின்பரோவில் போட்ட கேள்விகளாம், அந்த ஊர்ப் பெயர்தான் அதற்கு. நான் பதினாலு வாங்கினேன். உடனே கர்ப்பிணிகளின் மனநலத்தைப் பார்க்கும் நர்ஸிடம் அனுப்பிவிட்டார்கள்.

அவள் அழுகையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. எதிர்ப்பக்கம் கேட்டாள். இரண்டு மணி நேரம் தூங்கினாலே போதும் என்று துள்ளிக்கொண்டு இருந்த நாட்கள் உண்டா? வாய் ஓயாமல் பேசி, கண்டபடி செலவு செய்து, உன்னால் முடியாதது எதுவும் இல்லை என்று தோன்றியதுண்டா? அழுகிறாள் என்று சோர்வுக்கான மாத்திரை கொடுக்கும் முன் இதைக் கேட்டாக வேண்டுமாம். அடியில் பைபோலார், அதாவது மனசு ஒரு சமயம் துள்ளி ஒரு சமயம் சோர்ந்து போகிற நோய் இருந்து, அந்த மாத்திரையை மட்டும் கொடுத்தால் மனசு மறுபக்கம் எகிறிவிடக்கூடும் என்றாள். ராத்திரி தூக்கம் வராமல் போனில் தேடிப் படித்தேன். அமெரிக்காவில் பிட்ஸ்பர்க்கில் பிள்ளை பெற்ற பத்தாயிரம் பேரிடம் அதே பத்துக் கேள்வியைக் கேட்டிருக்கிறார்கள். மதிப்பெண் கூடியவர்களில் ஐந்தில் ஒருத்திக்கு மேல் பைபோலார் என்று 2013இல் எழுதியிருக்கிறார்கள்.

எனக்கு அப்படித் துள்ளிய நாள் எதுவும் இல்லை. ஆனால் அவள் கேட்கக் கேட்க என் கண் முன்னால் வந்து நின்றது அம்மா.

தம்பி பிறந்த நாலாம் நாள் ராத்திரி. எனக்கு ஐந்து வயது, உனக்குப் பத்து. கொல்லையில் அம்மா பித்தளை அண்டாவைப் புளி போட்டுத் தேய்த்துக்கொண்டிருந்தாள், பச்சை உடம்போடு. பாட்டி கையைப் பிடித்து இழுக்கிறாள், அம்மா சிரிக்கிறாள். உள்ளே தம்பி கத்துகிறான், அவள் காதிலேயே விழவில்லை. விடியும்போது வீட்டில் இருந்த அத்தனை பாத்திரமும் பளபளவென்று வெயிலில் கவிழ்ந்திருந்தது. ஜன்னி என்றார்கள், காத்து கருப்பு என்றார்கள். பாட்டி குணசீலம் கூட்டிப் போய் ஒரு மண்டலம் வைத்திருந்தாள். தம்பிக்குப் புட்டிப்பால்.

அந்த எடின்பரோ தாளை அன்றைக்கு அம்மாவிடம் நீட்டியிருந்தால் சைபர் வாங்கியிருப்பாள், அக்கா. சிரிக்க முடிகிறதா என்பதுதான் அதில் முதல் கேள்வியே.

இன்னொன்றும் ஞாபகம் வந்தது. நான் பத்தாவது படிக்கும்வரை அம்மா ஒரு வெள்ளை மாத்திரை போட்டுக்கொண்டிருந்தாள். அதற்காக மூன்று மாதத்துக்கு ஒரு தரம் திருச்சிக்குப் போய் ரத்தம் கொடுத்துவிட்டு வருவாள். சர்க்கரைக்கு என்று நினைத்தோமே! இதைச் சொன்னதும் நர்ஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டாள். பைபோலாருக்குக் கொடுக்கும் லித்தியமாக இருக்கலாம், சீட்டைப் பார்க்காமல் சொல்ல முடியாது என்றாள்.

பயப்படாதே. பிரசவத்துக்குப் பின் இப்படிப் புத்தி பேதலிப்பது ஆயிரத்தில் ஒன்றிரண்டு பேருக்குத்தான். அம்மாவுக்கு வந்திருந்தால் மகளுக்கு நூற்றில் மூன்று என்றாள். மீதி தொண்ணூற்றேழை நான் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முதல் இரண்டு வாரம்தான் முக்கியம், தூக்கம் கெடக் கூடாது. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ஒன்றும் பேசாமல் பாத்திரம் கழுவி முடித்துவிட்டு, "ராத்திரிப் பால் என் பொறுப்பு" என்றார். அப்படியே ஏதாவது ஆனாலும் தாயையும் பிள்ளையையும் பிரிக்காமல் சேர்த்து வைத்துப் பார்க்கிற வார்டு இந்த ஊரிலேயே இருக்கிறது. பெங்களூர் நிம்ஹான்ஸ் மனநல ஆஸ்பத்திரியிலும் 2009 முதல் அப்படி ஒன்று இருக்கிறதாம். தம்பி நாற்பத்தெட்டு நாள் அம்மா வாசனையே இல்லாமல் கிடந்தானே என்று நினைத்துக்கொண்டேன்.

இப்போது உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். டிரங்குப் பெட்டியில் கல்யாணப் புடவைக்கு அடியில் எல்ஐசி கவர் ஒன்று இருக்கும், திருச்சி டாக்டர் சீட்டெல்லாம் அதில்தான். 26ஆம் தேதி நர்ஸைப் பார்க்கிறேன், அதற்குள் போட்டோ எடுத்து அனுப்பு. அம்மா தூங்கும்போது எடுத்துவிடு என்றுதான் முதலில் எழுத நினைத்தேன். வேண்டாம், அவளிடம் கேட்டே எடு. கோபித்துக்கொண்டால் எனக்குப் போன் போட்டு அவள் கையில் கொடு. ஸ்பீக்கரில் மட்டும் போடாதே.

உன்
பாப்பா