வேலியை வெட்டுவதற்கு முன்னால்

அன்புள்ள மக்கா,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. அம்மைக்கு முழங்கால் வலி குறைந்துவிட்டது என்று வாசித்ததும் நிம்மதியாக இருந்தது. இங்கே எல்லோரும் சுகம். மழை இந்த முறை ஏமாற்றவில்லை, சானலில் தண்ணீர் கரை தட்டிப் போகிறது.

நீ கடைசியில் போகிறபோக்கில் எழுதிய ஒரு வரிதான் மனசில் கிடந்து உறுத்துகிறது. பூதப்பாண்டி பக்கம் உள்ள உங்கள் பழைய புரையிடத்தை ஜேசிபி விட்டு நிரப்பாக்கி, சுற்றி மதில் கட்டப் போகிறேன் என்று எழுதியிருந்தாய். வேண்டாம் என்று சொல்ல வரவில்லை. உன் நிலம், உன் தேவை. ஆனால் இந்த வருடம் நான் பார்த்ததை ஒருமுறை கேட்டுவிடு.

நாகர்கோவில் 2019-ல் மாநகராட்சி ஆனது. அப்போது எங்கள் தெருவில் இருந்த பூவரசு வேலிகளில் இந்த வருடம் ஒன்றுதான் மிச்சமிருந்தது, சானல்கரையை ஒட்டி இருபதடி நீளம் இருக்கும். ஒருநாள் காலையில் அதில் ஒரு கொடி படர்ந்திருப்பதைப் பார்த்தேன். கருடக்கொடி. ஈஸ்வரமூலி என்றும் சொல்வார்கள், விஷக்கடிக்கு மருந்தென்று நம் பாட்டிமார் தேடிப் போவார்களே, அதுதான். இலையின் அடியில் ஒரு கம்பளிப்பூச்சி. கருஞ்சிவப்பு உடம்பு முழுக்கச் சதைப்பற்றான சிவப்பு முனைகள், நடுவில் பெல்ட் கட்டினதுபோல ஒரு வெள்ளைப் பட்டை. குச்சியால் லேசாகத் தொட்டேன். தலைக்குப் பின்னாலிருந்து ஆரஞ்சு நிறத்தில் கவைபோல ஒன்று வெளியே வந்து, ஒரு கெட்ட வாடை அடித்து, மறுபடி உள்ளே போய்விட்டது. அரைமணி நேரம் அங்கேயே குத்த வைத்து உட்கார்ந்திருந்தேன்.

அது ரோசா அழகி என்ற பட்டாம்பூச்சியின் புழு. கருடக்கொடியையும் அதன் குடும்பத்துச் செடிகளையும் விட்டால் வேறு எதிலும் வளராது. அந்தக் கொடியின் விஷத்தை உடம்பில் சேர்த்து வைத்துக்கொள்வதால், பட்டாம்பூச்சி ஆன பிறகும் பறவைகள் அதைத் தொடுவதில்லை. உன் வீட்டுக் கறிவேப்பிலையில் வளருமே ஒரு பச்சைப் புழு, அதிலிருந்து வருகிற பட்டாம்பூச்சியில் சில பெண் பூச்சிகள் அப்படியே ரோசா அழகியின் வேஷத்தில் இருக்கும். விஷம் கிடையாது, வேஷம் மட்டும்தான். அதை நம்பிப் பறவை விட்டுவிடும். கீரிப்பாறைக்குப் போகும்போது தலைக்கு மேலே மஞ்சளும் கறுப்புமாகப் பறந்த அந்தப் பெரிய பட்டாம்பூச்சியை நினைவிருக்கிறதா? சிறகை விரித்தால் ஒரு சாணுக்குக் கொஞ்சம்தான் குறையும். அதன் புழுவுக்கும் இந்தக் கொடி இனம்தான் சாப்பாடு.

அடுத்த வாரம் கரையைச் சுத்தம் செய்ய வந்தவர்கள் வேலியை அடியோடு அரிந்துவிட்டார்கள். காட்டுச்செடி என்றுதான் அவர்கள் கண்ணுக்குத் தெரிந்திருக்கிறது. குப்பைக் குவியலைக் கிளறி, கூட்டுப்புழு ஒட்டியிருந்த ஒரு துண்டுத் தண்டை மட்டும் கண்டெடுத்தேன். ஜன்னல் கம்பியில் கட்டி வைத்தேன். பன்னிரண்டாம் நாள் காலையில் சிறகை உலர்த்திக்கொண்டு தொங்கியது. அழுகை வந்துவிட்டது மக்கா. வெளியே விட்டால் முட்டை வைக்க அதற்கு ஒரு கொடிகூட இல்லையே என்றுதான். அப்புறம் நாலைந்து பேராகச் சேர்ந்து, ஒழுகினசேரிப் பக்கம் கொடி கண்டுபிடித்து, விதை கொண்டுவந்து, மதில் ஓரங்களில் போட்டிருக்கிறோம். மூன்று வீடுகளில் முளைத்துவிட்டது. பக்கத்திலேயே தெச்சியும் நட்டோம், பட்டாம்பூச்சிக்குத் தேன் வேண்டுமே.

ஞாயிற்றுக்கிழமைகளில் தேரூர் குளத்துக்குப் போகிறேன். உன் வேளச்சேரிக்குப் பக்கத்துப் பள்ளிக்கரணைக்கும், நம் சுசீந்திரம் தேரூர் குளங்களுக்கும், வேம்பனூருக்கும் 2022-ல் ஒரே வருடத்தில்தான் ராம்சர் என்ற பன்னாட்டு ஈரநில அங்கீகாரம் கிடைத்தது. சுசீந்திரமும் தேரூரும் சேர்த்துச் சுமார் 94 ஹெக்டேர். அங்கே தாமரை இலைமேல் இலைக்கோழி நடப்பதைப் பார்க்க வேண்டும், இலை லேசாகத் தாழும், மூழ்காது. அதற்கு விரல்கள் அவ்வளவு நீளம். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண்தான் அடைகாக்கும். ஆகாயத்தாமரை மூடிய பக்கத்தில் இந்தக் காட்சி கிடையாது. தென் அமெரிக்காவிலிருந்து வந்த அந்தச் செடி வெயிலைத் தண்ணீருக்குள் விடாது, தாமரைக்கு இடமும் கொடுக்காது.

சரி, உன் புரையிடத்துக்கு வருகிறேன். கன்னிமூலையில் நாகர் கல்லைச் சுற்றிக் காவு மாதிரி ஒரு புதர் உண்டே. அதில் ஒரு மரோட்டி மரம் நிற்கிறது, ஞாபகம் இருக்கும். அதன் காயைப் பிளந்து, உள்ளே இருப்பதைத் தோண்டிவிட்டு, எண்ணெய் ஊற்றிக் கார்த்திகைக்கு விளக்கு ஏற்றினோம், உன் சட்டையில் எண்ணெய்க் கறை ஆகி அம்மையிடம் அடி வாங்கினாய். தமிழ் மறவன் என்ற பட்டாம்பூச்சியின் புழு தின்பது அந்த மரோட்டி இலையைத்தான். 2019-ல் அதை நம் மாநிலப் பட்டாம்பூச்சி ஆக்கினார்கள். மேற்குத் தொடர்ச்சி மலையை ஒட்டித்தான் அதை அதிகம் பார்க்க முடியும். டவுனுக்கு இவ்வளவு பக்கத்தில் இன்னொரு மரோட்டியை நான் இதுவரை பார்க்கவில்லை.

ஒரே ஒரு உதவி. அந்த மூலையில் ஐந்து சென்ட் மட்டும் ஜேசிபி போகாமல் விட முடியுமா? மதில் வேண்டுமானால் அதைச் சுற்றி வெளியே கட்டிக்கொள். அதுவும் முடியாதென்றால், வேலை தொடங்கும் தேதியை முன்கூட்டியே எழுது. நான் போய் மரோட்டி விதை எடுத்து, கொடிகளில் தண்டு வெட்டி வந்துவிடுகிறேன். பங்குனிக்கு நீ வரும்போது ஒருநாள் அதிகாலையில் தேரூருக்குப் போவோம், அம்மையையும் கூட்டிக்கொண்டு வா. கரையில் ஆட்டோ போகும், நடக்க வேண்டாம்.

அன்புடன்,
உன் பழைய பெஞ்சுக் கூட்டாளி