டிசம்பரில் கையெழுத்து, ஜனவரியில் கணக்கு: என்சிஏஏ ஃபுட்பால் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

அமெரிக்கக் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் முதல் பிரிவு அமெரிக்கன் ஃபுட்பால் மேற்பார்வைக் குழுவினருக்கு,

வணக்கம். வீரர்கள் பல்கலைக்கழகம் மாறுவதைத் தடுக்கச் சொல்லி இதை எழுதவில்லை. கோச் நினைத்த நேரத்தில் அடுத்த ஊருக்குப் போகலாம், பத்தொன்பது வயதுப் பையன் மட்டும் ஒரு வருடம் ஆடாமல் உட்கார வேண்டும் என்ற பழைய விதி ஒழிந்தது நல்லதே. எங்கள் குறை உங்கள் நாட்காட்டியைப் பற்றியது. பள்ளி மாணவன் டிசம்பர் முதல் வாரத்திலேயே ஒரு பல்கலையில் சேர்ந்து ஆடுவதாகக் கையெழுத்துப் போட்டுவிடுகிறான். அவனுடைய இடத்துக்கு இன்னும் யார் யார் வருகிறார்கள் என்பது பல்கலை மாற விரும்பும் வீரர்கள் பெயர் பதியும் போர்ட்டல் ஜனவரி 2ஆம் தேதி திறந்த பிறகுதான் தெரிகிறது.

2018 அக்டோபரில் வந்த போர்ட்டலை மட்டும் குறை சொல்வது சரியல்ல. 2021இல் ஒருமுறை மாறினால் உடனே ஆடலாம் என்றீர்கள். அதே ஆண்டு ஜூலையில் பெயர், உருவப் பயன்பாட்டுக்குப் பணம் வாங்க அனுமதி வந்தது. 2024 ஏப்ரலில், படிப்புத் தகுதி இருந்தால் எத்தனை முறை வேண்டுமானாலும் மாறலாம் என்றானது. இவற்றைவிடப் பள்ளி மாணவர்களைப் பாதித்தது, அதிகம் பேசப்படாத ஒரு மாற்றம்: ஆண்டுக்கு 25 பேரை மட்டுமே புதிதாகச் சேர்க்கலாம் என்ற உச்சவரம்பை 2022இல் எடுத்தது. அணியிலிருந்து முப்பது பேர் வெளியேறினால் 25 இடங்களை வைத்து நிரப்ப முடியாது என்ற வாதம் நியாயம்தான். ஆனால், அந்த 25க்குள் யாரை எடுப்பது என்று கோச் யோசிக்க வேண்டியிருந்தவரை பள்ளி மாணவனுக்கும் ஒரு பங்கு இருந்தது. இன்று முப்பது பேரையும் போர்ட்டலிலேயே எடுத்துக்கொள்ளலாம்.

கோச் அறையில் தொங்கும் ரோஸ்டர் (அணிப் பட்டியல்) பலகையில் தாக்குதல் வரிசையை மட்டும் எடுத்துக்கொள்வோம். முன்னால் நின்று எதிரணியைத் தடுக்கும் லைன்மேன்கள் 16 பேர். நாலு பேர் படிப்பு முடித்துப் போகிறார்கள், மீதி 12. டிசம்பரில் மூன்று பள்ளி மாணவர்கள் கையெழுத்திடுகிறார்கள், 15. ஒரு இடம் காலி என்று விடுவார். ஜனவரி முதல் வாரத்தில் இரண்டாம் ஆண்டுக்காரர்கள் இருவர் போர்ட்டலில் பெயர் போடுகிறார்கள், 13 ஆகிறது. மூன்று பேர் போதும். ஆனால் முழங்கால் காயம் சொல்லிக்கொண்டு வராது என்பதால் கோச் நாலு பேரைக் கொண்டுவருவார். 17. பல்கலைகளே வீரர்களுக்குப் பணம் தர வழிவிட்ட ஹவுஸ் வழக்குத் தீர்வின்படி, அதில் சேர்ந்த பல்கலைகளில் முதல் ஆட்டத்துக்குள் மொத்த அணி 105க்குள் அடங்க வேண்டும். அந்தப் பதினேழாவது ஆள் யார்? சம்பளம் பேசி ஜனவரியில் அழைத்து வந்தவராக இருக்க மாட்டார்.

கோச்சையும் ஒரேயடியாகத் திட்ட முடியாது. பதினேழு வயதில் 120 கிலோ இருக்கும் பையன் 136 கிலோவைத் தாண்டி, அந்த எடையோடு கால் நகர்த்தக் கற்க இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும். அதே வேலையை ஏற்கெனவே கல்லூரி ஆட்டங்களில் செய்து காட்டிய 21 வயதுக்காரரின் வீடியோ மேசையில் இருக்கிறது. 2025–26இல் ஒரு பல்கலை தன் வீரர்களுக்கு நேரடியாகக் கொடுக்கக்கூடிய தொகை சுமார் 2.05 கோடி டாலர், எல்லா விளையாட்டுகளுக்கும் சேர்த்து. அளவு வைத்த பணத்தை மூன்று வருடம் கழித்துப் பலன் தரும் ஆளிடம் போட, இரண்டு வருடத்தில் வேலை போகக்கூடிய கோச் தயங்கத்தான் செய்வார்.

எங்களுக்குப் பதில் சொல்ல நீங்கள் இந்தியானா பல்கலையைக் காட்டக்கூடும். 2023இல் 3 வெற்றி, 9 தோல்வி. கோச் கர்ட் சிக்னெட்டி ஜேம்ஸ் மேடிசன் பல்கலையிலிருந்து 13 வீரர்களோடு வந்து 2024இல் 11–2 ஆக்கினார். கலிஃபோர்னியா பல்கலையிலிருந்து மாறி வந்த ஃபெர்னாண்டோ மெண்டோசா 2025இல் சிறந்த கல்லூரி வீரருக்கான ஹைஸ்மன் கோப்பை வாங்கினார், 2026 ஜனவரியில் தேசியப் பட்டமும் கிடைத்தது. அற்புதம்தான். அதே அணியின் எலைஜா சாராட் எங்கே தொடங்கினார்? செயின்ட் ஃபிரான்சிஸில். அங்கிருந்து ஜேம்ஸ் மேடிசன், பிறகு இந்தியானா. முதல் படியில் ஒரு சிறு பல்கலை இடம் கொடுத்ததால்தான் ஏணி இருந்தது. இப்போது மேலே இடம் கிடைக்காத இருபது வயதுக்காரர்களும் கீழே இறங்கி அதே முதல் படியில்தான் நிற்கிறார்கள்.

போர்ட்டல் கதவை டிசம்பரிலிருந்து ஜனவரிக்கு மாற்றியதைப் பாராட்டுகிறோம். 2024இல் டிசம்பர் 9 அன்று, செமஸ்டர் பரீட்சைக்கும் சீசன் முடிவில் நடக்கும் பவுல் ஆட்டங்களுக்கான பயிற்சிக்கும் நடுவே திறந்தது பைத்தியக்காரத்தனம். ஆனால் முன்பு ஏப்ரலில் இருந்த இரண்டாவது கதவை மூடியதால் ஒரு சிக்கல் வந்திருக்கிறது. 15 அமர்வு வசந்தகாலப் பயிற்சி முடிந்த பிறகுதான் ஒருவனுக்குத் தான் மூன்றாம் வரிசை என்று தெரியும். அதற்குள் போர்ட்டல் மூடும் ஜனவரி 16 போய்விட்டது. உதவித்தொகையை ரத்து செய்தால் எப்போதும் பெயர் போடலாம் என்ற விலக்கு உண்டு. உதவித்தொகையைத் தொடாமல் ஓரங்கட்டினால் அது பொருந்தாது.

மாறிப் போகிறவர்களும் படிப்புக் கணக்கில் மாட்டுகிறார்கள். உங்கள் விதிப்படி மூன்றாம் ஆண்டில் நுழையும்போது பட்டப்படிப்பில் 40 விழுக்காடு முடிந்திருக்க வேண்டும். 120 கிரெடிட் பட்டத்துக்கு அது 48. ஒருவர் இரண்டு ஆண்டில் 60 கிரெடிட் வாங்கியிருக்கலாம். புதிய பல்கலை அவர் தேர்ந்த பட்டத்துக்கு 42ஐ மட்டுமே கணக்கில் எடுத்தால், நல்ல மதிப்பெண் இருந்தும் தகுதி இல்லை. கோடையில் இரண்டு பாடம் எடுத்து அந்த ஆறை ஈடுகட்ட வேண்டும். வசந்த செமஸ்டரோ ஜனவரி நடுவில் தொடங்குகிறது. அவசரத்தில் கையெழுத்து முதலில், கிரெடிட் மதிப்பீடு பிறகு என்றாகிறது. நாலாம் ஆண்டு தொடக்கத்தில் 60 விழுக்காடு, அதாவது 72 கேட்கும்போதுதான் பலர் விழித்துக்கொள்கிறார்கள்.

நாங்கள் கேட்பது இவ்வளவுதான். டிசம்பர் கையெழுத்தை, ஜனவரியிலேயே கல்லூரியில் சேரும் மாணவர்களுக்கு மட்டும் வையுங்கள். மற்றவர்கள் போர்ட்டல் மூடிய பிறகு பிப்ரவரியில் கையெழுத்திடட்டும். மிச்சம் மீதிதான் கிடைக்கும் என்பீர்கள். கிடைக்கட்டும், அது எத்தனை என்று தெரிந்து போடும் கையெழுத்தாவது மிஞ்சும்.

இரண்டாவது, கையெழுத்துக்கு 7 நாள் முன்பு பல்கலை ஒரே ஒரு தாளைக் குடும்பத்திடம் தர வேண்டும். அந்த ஆட்ட நிலையில் அடுத்த ஆண்டும் ஆடத் தகுதியுள்ளவர்கள் எத்தனை பேர், இந்த ஆண்டு எத்தனை பள்ளி மாணவர்கள், கடந்த இரண்டு ஆண்டுகளில் போர்ட்டலிலிருந்து எத்தனை பேர். மூன்று எண்கள். எல்லாம் கோச் பலகையில் ஏற்கெனவே இருப்பவை.

மூன்றாவது, மாறி வருபவர் கையெழுத்திடும் முன் எந்தப் பட்டத்துக்கு எத்தனை கிரெடிட் ஏற்கப்படும் என்பதைப் பதிவாளர் அலுவலகம் எழுத்தில் தர வேண்டும். கோச் வாயால் சொன்னது செல்லாது. நான்காவது, ஏப்ரலில் 5 நாள் கதவு ஒன்று, முதலாம் ஆண்டு மாணவர்களுக்கு மட்டும்.

போர்ட்டலில் எடுப்பதற்கு எண்ணிக்கை வரம்பு வையுங்கள் என்று கேட்கவில்லை. 2023 டிசம்பரில் மேற்கு வர்ஜீனியா கூட்டாட்சி நீதிமன்றம் உங்கள் மாற்ற விதியை நிறுத்தி வைத்த பிறகு, அப்படி ஒரு வரம்பு ஒரு சீசன்கூடத் தாங்காது. மேலே கேட்ட நாலில் எதுவும் யாருடைய மாறும் உரிமையையும் தொடவில்லை. தாளும் கிரெடிட் கடிதமும் வர நாட்காட்டியைத் திருத்தவே தேவையில்லை. அவற்றை வரும் டிசம்பருக்கு முன்பே கொண்டுவரலாம்.

இப்படிக்கு,
பள்ளி மாணவர்களின் கல்லூரிச் சேர்க்கையைக் கவனித்துவரும் பயிற்சியாளர்களும் கல்வி ஆலோசகர்களும்