டோக்கன் எண் மாறினால் செருப்பும் மாறும்

ஆசிரியர் அவர்களுக்கு,

மதுரை வட்டாரத்தில் லினக்ஸ் புராஜெக்ட் செய்யும் மாணவர்கள் கவனிக்க. ஒரு நிரல் திறந்த கோப்பின் எண்ணை (7 என்று வைத்துக்கொள்வோம்) ஃபியூஸ் (FUSE: கெர்னலுக்கு வெளியே சாதாரண நிரல் ஒன்று நடத்தும்) கோப்பு முறைமை வழியாக எழுதிக் கொடுத்தால், அடுத்த நிரலுக்கு அந்தக் கோப்பு கிடைத்துவிடாது. மீனாட்சியம்மன் கோயில் தெற்கு வாசலில் வாங்கிய செருப்பு டோக்கனை மேற்கு வாசலில் நீட்டுகிற கதைதான். எண் அந்தந்த நிரலுக்கே சொந்தம். ‘இப்படியொரு கோப்பு எண் இல்லை’ என்னும் ஈபேட்எஃப் (EBADF) பிழை வந்தால் அதிர்ஷ்டம். அங்கே 7 வேறு கோப்பாக இருந்தால், எழுதியதெல்லாம் அதில் போய் விழும்.

கோப்பைத் திறக்கும் ஓப்பன் அழைப்புக்கு ஃபியூஸ் சேவை நிரல் திருப்பித் தருவதும் தன் உபயோகத்துக்கான 64 பிட் எண்தான். லினக்ஸ் 6.9இல் வந்த பாஸ்த்ரூ (passthrough) வசதி, படிப்பதையும் எழுதுவதையும் அடியிலுள்ள கோப்புக்கு நேரே திருப்பிவிடும். அந்தக் கோப்பை அழைத்தவர் கையில் கொடுக்காது.

திறந்த கோப்பை உண்மையில் கைமாற்ற யூனிக்ஸ் சாக்கெட்டில் (ஒரே கணினியின் நிரல்கள் பேசிக்கொள்ளும் இணைப்பு) சென்ட்எம்எஸ்ஜி (sendmsg) அழைப்பு, கூடவே திறந்த கோப்புகளைச் சுமந்து செல்லும் எஸ்சிஎம்_ரைட்ஸ் (SCM_RIGHTS). ஸ்ட்ரீம் (தரவு தொடர் ஓட்டமாகச் செல்லும்) சாக்கெட் என்றால் குறைந்தது 1 பைட் தரவும் சேர்த்து அனுப்ப வேண்டும். ஒரு செய்திக்கு உச்சவரம்பு 253 கோப்புகள். அவற்றை வாங்கிக்கொள்ளப் பெறுபவர் ஒதுக்கிய கட்டுப்பாட்டு பஃபர் (நினைவக இடம்) சிறிதானால் மிஞ்சியவை சத்தமின்றி மூடப்படும். அப்படி வெட்டுப்பட்டதைச் சொல்லும் எம்எஸ்ஜி_சிடிரங்க் (MSG_CTRUNC) கொடியைப் பார்க்காதவருக்கு அது தெரியவே தெரியாது.

இன்னொன்று: கோப்பில் எதுவரை படித்தாயிற்று என்ற இடக்குறி, அனுப்பியவர், பெற்றவர் இருவருக்கும் பொது. ஒருவர் 100 பைட் படித்தால் மற்றவருக்கு 101ஆவது பைட்டே வரும். எந்த இடத்திலிருந்து படிப்பது என்று ஒவ்வொரு முறையும் சொல்லிப் படிக்கும் பிரீட் (pread) பயன்படுத்தினால் இந்தச் சிக்கல் இல்லை.

வாசகர், மதுரை