சித்தப்பா, பின்சீட்டிலிருந்து தொடங்குங்கள்

அன்புள்ள சித்தப்பாவுக்கு,

ராயல் என்ஃபீல்டு மீட்டியோர் 350 பைக் வாங்கிவிட்டீர்கள் என்று அம்மா சொன்னதும் அவ்வளவு சந்தோஷம். சித்தியோடு முத்துப்பேட்டை, அதிராம்பட்டினம், தொண்டி வழியாக ராமேஸ்வரம் போகப் போகிறீர்களாம். வண்டிக்கு என்னென்ன மாட்டலாம் என்று நீங்கள் அனுப்பிய பட்டியலையும் பார்த்தேன். சைலன்சர், எக்ஸ்ட்ரா லைட், கிராஷ் கார்டு, பாக்ஸ் எல்லாம் இருக்கிறது. சித்தி உட்காரப் போகிற இடத்துக்கு மட்டும் எதுவும் இல்லை. முதல் செலவை அங்கே செய்யுங்கள் என்று கேட்டுக்கொள்ளத்தான் இதை எழுதுகிறேன்.

ஓட்டுகிறவருக்குப் பள்ளம் கண்ணில் படும்போதே உடம்பு தயாராகிவிடும். பிடித்துக்கொள்ள ஹேண்டில்பாரும் இருக்கிறது. பின்னால் இருப்பவருக்கு ரெண்டும் இல்லை. உட்கார்ந்திருப்பதும் பின்சக்கரத்துக்குக் கிட்டத்தட்ட நேர் மேலே. மன்னார்குடியிலிருந்து எந்தப் பக்கம் கிளம்பினாலும் ஊருக்கு ஊர் வேகத்தடை இருக்கிறது, அதில் பாதிக்கு வெள்ளைக் கோடு கிடையாது. உங்களுடையது குரூசர், அதாவது காலை முன்னால் நீட்டி உட்கார்ந்து ஓட்டும் வகை; அதனால் உங்கள் எடை மொத்தமும் இடுப்பிலும் வாலெலும்பிலும்தான் இறங்கும். சாதாரண வண்டியில் செய்வதுபோல ஃபுட்ரெஸ்டை மிதித்து லேசாக எழுந்துகொள்வதும் சுலபமில்லை. அதனால் உங்கள் சீட்டும் முக்கியம்தான். ஆனால் சித்தியுடையது அதைவிட முக்கியம்.

இந்த வண்டியில் ரெண்டு சீட்டும் தனித்தனி என்பது நல்ல வசதி. பின்சீட்டை மட்டும் கழற்றிக் குஷன் கடைக்குக் கொண்டுபோகலாம். கடையில் மெத்து மெத்தென்று ஒரு ஃபோமைக் காட்டுவார்கள். கையால் அழுத்தினால் சுகமாகத்தான் இருக்கும். ஆனால் அரை மணி நேரத்தில் அது அமுங்கி, அடியில் இருக்கும் தகடு உறுத்தத் தொடங்கிவிடும். அடியில் கெட்டியான ஃபோம், மேலே கொஞ்சம் இளகிய ஃபோம் என்று ரெண்டு அடுக்காகப் போடச் சொல்லுங்கள். பின்சீட்டு முன்பக்கம் சரிந்திருக்கக் கூடாது. சரிந்திருந்தால் நீங்கள் பிரேக் போடும்போதெல்லாம் சித்தி வழுக்கி உங்கள் முதுகில் வந்து மோதுவார், திரும்பத் திரும்பப் பின்னால் நகர்ந்து உட்கார்ந்தே களைத்துப்போவார். உட்காரும் இடத்தின் நடுவில் தையல் வரக் கூடாது. தொடையை அறுப்பது மட்டுமில்லை, ஐப்பசி மழையில் தண்ணீர் இறங்குவதும் அந்த ஊசித் துளை வழியாகத்தான். நனைந்த ஃபோம் லேசில் காயாது. ஜெல் பேடு வேண்டாம் என்பது என் கருத்து. நம் ஊர் வெயிலில் நிறுத்திவிட்டு டீ குடித்து வந்தால் அது தோசைக்கல்லாகக் கொதிக்கும்.

அடுத்தது பேக்ரெஸ்ட். உங்களுடையது ஃபயர்பால் மாடல், அதில் வராது. சூப்பர்நோவா மாடலில் பேக்ரெஸ்டும் முன்கண்ணாடியும் கம்பெனியிலேயே வரும், அதையே தனியாக வாங்கி மாட்டிவிடலாம். கண்ணாடி விஷயத்தில் கொஞ்சம் நிதானம் தேவை. ரொம்ப உயரமானதைப் போட்டால் உங்கள் நெஞ்சில் காற்று அடிக்காது, ஆனால் அதே காற்று மேலே எழும்பிச் சுழன்று சித்தியின் ஹெல்மெட்டைப் போட்டு ஆட்டும். கண்ணாடிக்கு மேலாகச் சாலையைப் பார்க்க முடிகிற உயரம் போதும்.

காசே செலவாகாத வேலை ஒன்றும் இருக்கிறது. பின் ஷாக் அப்சார்பரில் ஸ்பிரிங்கை இறுக்க ஆறு படி இருக்கிறது. தனியாகப் போகும்போது இருக்கிற படியிலேயே சித்தியையும் பையையும் ஏற்றினால், பின்பக்கம் தாழ்ந்து ஒவ்வொரு வேகத்தடையிலும் இடிக்கும். கிளம்பும் முன் ரெண்டு பக்கமும் ஒரே அளவில் கூட்டி வையுங்கள். பின்டயர் காற்றும் இரட்டை ஆளுக்குக் கையேட்டில் போட்டிருக்கிற அளவுக்கு இருக்கட்டும்.

இதைச் சித்தியிடம் நீங்கள்தான் பேச வேண்டும்: ஒருபக்கமாக உட்கார்ந்து ராமேஸ்வரம் வரை வேண்டாம். கடைத்தெருவுக்குச் சரி. 200 கிலோமீட்டருக்கு மேல் இடுப்பைத் திருப்பியபடி உட்கார்ந்தால் மறுநாள் கோயிலில் நடக்க முடியாது, வண்டியின் சமநிலைக்கும் நல்லதில்லை. சுடிதார் போட்டு ரெண்டு பக்கமும் கால் போட்டு உட்காரட்டும். சைடு பாக்ஸ் மாட்டுவதென்றால் சித்தியின் கால் எங்கே வருகிறது என்று பார்த்த பிறகுதான் மாட்ட வேண்டும். கனமான சாமான் கீழே, நடுப்பகுதிக்குப் பக்கத்தில் இருக்கட்டும். பின்னால் உயரத்தில் பெரிய பெட்டி வைத்தால் முன்சக்கரம் லேசாகிவிடும். 1988-இல் திறந்த பாம்பன் சாலைப் பாலத்தில் கடல்காற்று பக்கவாட்டில் தள்ளும்போது அது நன்றாகவே தெரியும்.

சைலன்சரை மட்டும் மாற்றாதீர்கள், சித்தப்பா. மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்கிறது. அதைவிட, அந்தச் சத்தத்தை நாள் முழுக்கக் கேட்கப் போவது பின்னால் இருப்பவர்தான். எக்ஸ்ட்ரா லைட்டும் பிறகு பார்க்கலாம், இருட்டுவதற்குள் போய்ச் சேருகிற மாதிரி கிளம்பினாலே போதும். தை, மாசியில் கிளம்புவதாக இருந்தால் நம் பக்கத்து உள்சாலைகளில் கவனம். அறுவடை நேரம், பாதிச் சாலையில் நெல் காயும், மீதியில் வைக்கோல் கிடக்கும். வைக்கோல் மேல் பிரேக் போட்டால் டயர் நிற்காது.

எல்லாவற்றையும் ஒரே நாளில் மாட்டிவிடாதீர்கள். முதலில் சீட்டு. அப்புறம் சித்தியோடு வேதாரண்யம் வரை போய் வாருங்கள். திரும்பி வந்ததும் எங்கே வலிக்கிறது என்று அவரிடமே கேட்டு, அடுத்ததை முடிவு செய்யுங்கள். குஷன் கடைக்குப் போகிற நாளைச் சொன்னால் கும்பகோணத்திலிருந்து நானும் வந்துவிடுகிறேன். சித்தியையும் கூட்டி வாருங்கள். அவர் உட்கார்ந்து பார்த்துச் சரி என்று சொன்ன பிறகு கவர் தைக்கச் சொல்லலாம்.

அன்புடன்,
உங்கள் அண்ணன் மகன்