வீடியோவை நிறுத்திவிட்டு ஒரு தடவை சொல்லிப் பார்

அன்புள்ள தம்பி,

இங்கே எல்லோரும் சுகம். மாடிப்படி பூச்சு வேலை முடிந்தது. அக்கா ஞாயிற்றுக்கிழமை பிள்ளைகளோடு வந்து போனாள். பெரியப்பா வீட்டு விஷயம் அப்படியேதான் கிடக்கிறது, அதை விடு. காலண்டருக்குப் பின்னால் செருகியிருந்த உன் அரசு வேலைப் பரீட்சை ஹால் டிக்கெட் நகலை அப்பா எடுத்துப் பீரோவில் வைத்துவிட்டார். ஏன் என்று நானும் கேட்கவில்லை.

போன் செய்தால் "கிளாஸ்ல இருக்கேன்மா" என்கிறாய். ராத்திரி பத்தரைக்கு என்ன கிளாஸ்? அந்த யூடியூப் சாரைத்தானே சொல்கிறாய்? போன தடவை நீ வந்திருந்தபோது பார்த்தேனே. கட்டிலில் சாய்ந்துகொண்டு, வேகத்தை இரண்டு மடங்காக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாய். ஒரே மூச்சில் அரசியலமைப்பு முழுதும் முடிந்துவிட்டது என்றாய். முடித்தது அவர். நீ எதை முடித்தாய் என்று வாய்வரை வந்தது. சாப்பிடுகிற நேரம், விட்டுவிட்டேன்.

வீடியோ கெடுதல் என்று சொல்ல வரவில்லை. 2018-ல் புதுப் பாடப்புத்தகத்தில் கியூஆர் கோடு வந்தபோது எங்கள் பள்ளியில் முதலில் ஸ்கேன் செய்து காட்டியது நான்தான். இதயம் துடிக்கிறதைப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தால் அது ஒரு தனி விளக்கம்தான். ஆனால் பார்த்து முடித்த பிறகு புத்தகத்தை மூடச்சொல்லி, "எந்த அறையிலிருந்து எந்த அறைக்கு ரத்தம் போகுது?" என்று கேட்டால் பாதி வகுப்பு என் முகத்தைத்தான் பார்க்கும். அப்புறம் அவர்களையே கரும்பலகையில் வரையவிட்டால்தான் ஒட்டும். நீயும் அப்படி மூடிவைத்துவிட்டு ஒரு தடவை சொல்லிப் பார்.

அக்காவுக்குப் பயிற்சியில் கொடுத்த தாள்களில் ஒரு ஆராய்ச்சி இருந்தது. 2006-ல் அமெரிக்காவில் ரோடிகர், கார்ப்பிக் என்று இரண்டு பேர் செய்தது. கல்லூரிப் பிள்ளைகளில் ஒரு கூட்டம் ஒரு பகுதியை நான்கு சுற்றும் வாசித்தது. இன்னொரு கூட்டம் ஒரு சுற்று வாசித்துவிட்டு, மற்ற மூன்று சுற்றும் பார்க்காமல் நினைவிலிருந்து எழுதியது. ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது வாசித்தவர்கள்தான் முந்தினார்கள், 83-க்கு 71 சதவீதம். ஒரு வாரம் கழித்துக் கேட்டால் அப்படியே தலைகீழ். எழுதிப் பார்த்தவர்களுக்கு 61, வாசித்தவர்களுக்கு 40. இதில் கூத்து என்னவென்றால், தங்களுக்கு நன்றாக நினைவிருக்கும் என்று அதிகம் நம்பியது வாசித்த கூட்டம்தான். உன் பரீட்சை ஐந்து நிமிடத்தில் நடக்கிற பரீட்சையா? 200 கேள்வி, மூன்று மணி நேரம். அங்கே அந்த சார் வந்து பேச மாட்டார்.

நீ இப்படிப் படித்து வளர்ந்தவன் இல்லை. 2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுக்க வந்தபோது நீ என் வகுப்பில்தான் இருந்தாய். பாய், பாட அட்டை, பாடங்களைப் படிப்படியாகக் காட்டுகிற ஏணிப் படம், சுவரோடு ஒட்டி ஆளுக்கொரு கட்டம் தாழ்வான கரும்பலகை. புத்தகம் எங்கே, வீட்டுப்பாடம் எங்கே என்று உன் ஆச்சி உட்படத் தெருவே என்னைக் கேட்டது. ஏணியில் எந்தப் படியில் நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அடுத்த அட்டையைத் தானே எடுக்க வேண்டும். தமிழில் நீ கடகடவென்று ஏறினாய். வகுத்தலில் நின்றுவிட்டாய். உன் கட்டத்தில் 84-ஐ ஆறால் வகுத்து, உள்ளங்கையால் அழித்து, மறுபடி எழுதி, மூக்கெல்லாம் சாக்பீஸ் தூள். மதிப்பீட்டு அட்டையில் வரவில்லை. வலுவூட்டும் அட்டையை எடுத்தாய், மறுபடி அதே படிக்கு வந்தாய். உன்னோடு ஆரம்பித்தவன் மூன்று படி மேலே போய்விட்டான். அதற்காக நீ என்னிடம் பேசாமலா இருந்தாய்? யாராவது உன்னை ஃபெயில் என்று சொன்னார்களா? அந்த முறையில் குறை இல்லை என்று சொல்ல மாட்டேன். அட்டை எடுத்துக் கொடுக்கவே எங்களுக்கு நேரம் போதாது. ஆனாலும் பிள்ளை நின்ற இடம் பிள்ளைக்கே தெரிந்தது.

கொரோனாவுக்கு அப்புறம் இல்லம் தேடிக் கல்வியில் நம் திண்ணையில் உட்கார்ந்து பாடம் சொல்லிக் கொடுத்தவன் நீ. கல்வித் தொலைக்காட்சியும் வாட்ஸ்அப்பும் அத்தனை நாள் ஓடியும் வாய்ப்பாடு மறந்துபோன பிள்ளைகள், சாயங்காலம் ஒன்றரை மணி நேரம் நீ பக்கத்தில் உட்கார்ந்ததும் தேறி வந்தார்கள். பொருளாதார ஆய்வாளர் கார்த்திக் முரளிதரனும் மற்றவர்களும் இதையே தமிழ்நாட்டில் அளந்து பார்த்திருக்கிறார்கள். பள்ளி திறந்து ஆறு மாதத்தில், விட்டுப்போனதில் மூன்றில் இரண்டு பங்கு திரும்பிவிட்டதாம். அந்த மீட்சியில் ஏறக்குறைய கால் பங்கு இந்தத் திண்ணை வகுப்புகளால் வந்தது. அதை உன் அப்பா கடைத்தெருவில் எத்தனை பேரிடம் சொன்னார் என்று உனக்குத் தெரியாது. உன்னிடம் சொல்ல மாட்டார்.

கோட்டூர்புரம் நூலகத்துக்கு இப்போதும் போகிறாயா? சொந்தப் புத்தகம் கொண்டுபோய்ப் படிக்கிற ஹாலில் இரண்டு மூன்று பேராய் உட்கார்ந்து, வெளியே வந்து டீக்கடையில் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டுக்கொள்வோம் என்பாயே. அதில் ஒரு பையனுக்கு வேலை கிடைத்துவிட்டதாக அக்கா சொன்னாள். நல்லது. அவன் போனை எடுக்காமல் இருக்காதே. கூச்சப்படாமல் பேசு. அறைக்குள்ளேயே கிடக்காதே. மத்தியானம் டீயோடு நிறுத்திக்கொள்ளாதே. எதைப் படித்தாலும் மூடிவைத்துவிட்டு ஒரு தடவை சொல்லிப் பார். சொல்ல ஆள் இல்லையென்றால் எனக்குப் போன் போட்டுச் சொல். அரசியலமைப்பு எனக்குப் புரியாதுதான், புரியாத இடத்தில் கேள்வி கேட்பேன். உனக்கு அதுதானே வேண்டும்?

அப்பா பணம் அனுப்புவார், திருப்பி அனுப்பாதே. ஆடித்தபசுக்கு வா. பொதிகையில் இப்போதே டிக்கெட் போட்டால்தான் கிடைக்கும். கீழ வீட்டுப் பெண்ணுக்கு அல்ஜீப்ரா வரவில்லையாம், அண்ணன் வந்தால் கேட்டுக்கொள்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருக்கிறாள். என்றைக்கு வருகிறாய் என்று மட்டும் சொல், வேறு எதுவும் சொல்ல வேண்டாம்.

அன்புடன்,
அம்மா